கப்பல் நின்ற ஊரின் பிள்ளைகள்



நமது மக்தபில் மஃரிபுக்குப் பின் ஓத வரும் சிறுவன் ஒருவன் ஒருநாள் பாடம் முடிந்தும் எழுந்து போகாமல் நின்றான். என்னவென்று கேட்டோம். "ஹஜ்ரத், நம்ம ஊர்லேர்ந்து பினாங்குக்குக் கப்பல் போச்சாமே, நெசமா? மூத்தம்மா போச்சுங்கிறாங்க. வாப்பா அதெல்லாம் அந்தக் காலத்துக் கதைங்கிறாங்க" என்றான். அவனுடைய வாப்பாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவரே கப்பலைக் கண்டவரல்லர். ஒரு தலைமுறை கண்ணால் கண்ட செய்தி அடுத்த தலைமுறைக்குக் கதையாகிவிட்டதே என்று அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென நிர்வாகத்தார் கேட்டபோது, அந்தச் சிறுவனுக்குச் சொல்ல வேண்டிய விடையையே எழுதுவதென முடிவு செய்தோம்.

நாகப்பட்டினத்தின் பழம்பெருமையை யாவரும் அறிவர். முதலாம் இராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பியதும், அதற்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதும், அந்தக் கொடையைக் கூறும் செப்பேடுகள் பின்னாளில் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றதும் பாடநூல்களில் உள்ளவை. போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658-இல் இவ்வூரைக் கைப்பற்றினர். அவர்களிடமிருந்து 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். நாம் இங்கே சொல்ல விரும்புவது இந்தப் பெருமையை அன்று. பெருமை போனபின் இவ்வூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம். அவர்களைப் பற்றிச் செப்பேடு எதுவும் இல்லை.

ஊரை விட்டு ஒவ்வொன்றாகப் போனவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். 1844-இல் ஏசுசபையினர் நாகையில் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் போயிற்று. தென்னகத்தின் பழைய இருப்புப் பாதைகளுள் ஒன்று 1861-இல் இந்த நாகைத் துறைமுகத்திலிருந்துதான் மேற்கு நோக்கிப் புறப்பட்டது. பின்னர் தென்னிந்திய ரயில்வே என்று வளர்ந்த அந்தக் கம்பெனியின் தலைமையிடமும் முதலில் இங்கேதான் இருந்தது. அதுவும் திருச்சிக்குப் போயிற்று. எஞ்சியிருந்தது பெரிய ரயில்வே பட்டறை. 1928-இல் அதையும் பெயர்த்துத் திருச்சி பொன்மலையில் வைத்தார்கள். திருச்சியின் மீது நமக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் நாகையின் முதியவர்கள் 'திருச்சி' என்று சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு சிறு தடிப்பு இருக்கும். சிறு வயதில் அதன் காரணம் நமக்கு விளங்கியதில்லை.

பட்டறை போனது சாதாரண நிகழ்ச்சியன்று. நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய ஊர்ப் பட்டறைகளை ஒரே இடத்தில் சேர்ப்பதென்றும், அதையொட்டி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் குறைப்பதென்றும் கம்பெனி தீர்மானித்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் எழுந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதில் முன்னின்று சிறை சென்றனர். பத்து நாள் அளவில் போராட்டம் முறிந்தது. வேலை உள்ளவர் பொன்மலைக்குக் குடிபெயர்ந்தனர். வேலை இழந்தவருள் கடலை நோக்கித் திரும்பியோர் பலர். ஏனெனில் அப்போது கப்பல் இருந்தது.

கல்லூரி போன ஆண்டில் நாகையை அடுத்த காடம்பாடியில் வேதாசலம் என்ற ஏழு வயதுச் சிறுவன் இருந்தான். தந்தை சொக்கநாத பிள்ளை. சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதளவில் தந்தை இறந்தார். வெசுலியன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவன் மேலே தொடர இயலாமல் பள்ளியை விட்டான். தாயார் சின்னம்மையார் வளர்த்தார். அவ்வூரில் பழைய தமிழ் நூல்களை விற்றுவந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் போய்த் தமிழ் கற்றான். இளம் வயதிலேயே 'நாகை நீலலோசனி' என்ற உள்ளூர் வார இதழில் எழுதத் தொடங்கினான். 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவரையே தமிழுலகம் மறைமலையடிகள் என்று அறியும். அவர் சேர்த்த ஆயிரக்கணக்கான நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயரால் நூலகமாக நிற்கின்றன. ஜமாஅத் மலரில் சைவப் பெரியார் எதற்கு என்று யாரேனும் கேட்கக்கூடும். கல்லூரி போன ஊரில் ஒரு புத்தகக்கடை மிஞ்சியிருந்ததும், யத்தீமான ஒரு பிள்ளைக்கு அதன் கதவு திறந்திருந்ததும் நம் ஊர்ச் செய்தியல்லவா? ஆனால் அந்த நூலகமும் நாகையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வூரில் வளர்ந்தது வேறிடத்தில் காய்க்கும் என்பது அன்றே தொடங்கிய வழக்கம்.

இனிக் கப்பலுக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கென ஏழைகளை அனுப்பிய பெரிய துறை நாகையே. அதே கடலில் நம் சமூகத்தார் வணிகத்திற்கும், கடைச் சிப்பந்தி வேலைக்கும் போயினர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர்ப் பெயரால் நினைவிடங்கள் இருப்பதே எத்தனை காலமாகப் போயினர் என்பதற்குச் சான்று. சிங்கப்பூரில் உள்ளது 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்டது. இவ்வாறு சென்றவரைச் 'சபுராளி' என்போம். சபுராளி வீடு என்றால் ஊரில் ஒரு மதிப்பு உண்டு. தேக்குத் தூண், சீனப் பீங்கான், சுவர்க் கடிகாரம், கோடாலித் தைலத்தின் மணம் இவையெல்லாம் அவ்வீட்டின் அடையாளங்கள். அவ்வீட்டில் ஆண்மகன் மட்டும் இருக்கமாட்டார்.

இந்த நிலையில் வளர்ந்த பெண் பிள்ளைகளின் வாழ்க்கையை நம்மவர் எழுதி வைக்கவில்லை. ஒருவர் மட்டும் தாமே எழுதுகோலை எடுத்தார். நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. பன்னிரண்டு வயதில் மணம். இளமையிலேயே கணவரை இழந்தார். வீட்டுக்குள்ளேயே இருந்து கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். 1938-இல் அவருடைய 'காதலா கடமையா' என்னும் நாவல் வெளிவந்தது. அதற்கு அணிந்துரை வழங்கியவர் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாத ஐயர். முஸ்லிம் பெண் ஒருவர் தமிழில் நாவல் எழுதுவதா என்று நம்மவருள் முகம் சுளித்தோரும் இருந்தனர். அவர் நிறுத்தவில்லை. 'மகிழம்பூ', 'இஸ்லாமும் பெண்களும்' எனத் தொடர்ந்து எழுதினார். ஊரைவிட்டுப் போகாமல் இங்கேயே வாழ்ந்து 1998-இல் மறைந்தார். மறைமலையடிகளுக்கு வெளியூர் திறந்தது. இவருக்கு வீட்டின் உள்ளறை மட்டுமே இருந்தது. சபுராளிப் பணத்தில் மாடி வீடுகள் எழுந்தன, பல நாள் கலியாணங்கள் நடந்தன. பெண் பிள்ளைக்கு நான்காம் வகுப்பு மட்டும் கிடைக்கவில்லை. நம் முன்னோரிடம் நமக்குள்ள குறை இது. அவர்களுக்காகத் துஆச் செய்கிறோம், குறையையும் சொல்கிறோம்.

அந்த நாவல் வெளிவந்த 1938-ஆம் ஆண்டிலேயே, மலாயாவுக்குக் கூலித் தொழிலாளரை உதவிப் பயணமாக அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மூன்றரை ஆண்டுகள் அங்கிருந்து கடிதமும் இல்லை, மணியார்டரும் இல்லை. கணவர் இருக்கிறாரா இறந்தாரா என்று அறியாமல், இத்தா இருப்பதா காத்திருப்பதா என்று ஆலிம்களிடம் கேட்டு நின்ற பெண்களைப் பற்றி உம்மாவின் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறோம். போர் முடிந்தபின் சிலர் வந்தனர். மலாயா 1957-இல் விடுதலை பெற்றது. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் அங்கே வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இறுகியது. திரும்பி வந்தோர் பலர்.

'ராஜூலா' என்ற கப்பலைப் பற்றி முதியவர்கள் மணிக்கணக்கில் பேசுவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆயிரக்கணக்கான டெக் பயணிகளைச் சுமந்து ஓடியது. நாகையில் ஆழமில்லாததால் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணியில் ஏறிப் போய், அலையில் தோணி மேலெழும் நேரம் பார்த்துக் கப்பல் ஏணியைப் பற்ற வேண்டும். வெங்காய மூட்டைகளும் அவ்வாறே ஏறின. ராஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் பயணியர் கப்பல் நின்றது. அப்போது நமக்கு நான்கு வயது.

இனிச் சொல்வது எம் வீட்டுச் செய்தி. ஊர் வரலாற்றில் இதற்கு இடமுண்டா என்று தயங்கினோம். எம்மைப் போன்ற வீடுகள் அன்று தெருவுக்குப் பல இருந்தமையால் எழுதுகிறோம்.

எம் வாப்பா பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். அனுமதிச் சீட்டு புதுப்பிக்கப்படாததால் நாம் பிறப்பதற்குச் சற்று முன்னர் ஊர் வந்தார். அதன்பின் கப்பலில் இங்கிருந்து கைலி முதலிய சரக்குகளைக் கொண்டுபோய் விற்று, அங்கிருந்து துணியும் தைலமும் கொண்டுவருவார். இன்று 'குருவி' என்கிறார்களே, ஏறக்குறைய அந்தத் தொழில். டெக் கட்டணத்தில் கட்டுபடியானது விமானக் கட்டணத்தில் கட்டுபடியாகவில்லை. கப்பல் நின்றதும் தொழில் நின்றது. வெளியூர் வியாபாரி ஒருவரிடம் கடைசியாகக் கொடுத்துவைத்த சரக்கின் பணம் வரவேயில்லை. அவர் பெயரை உம்மா எம்மிடம் சொன்னதில்லை. வாப்பா ஒரு கடையில் கணக்கெழுதினார். 1990-இல் வஃபாத்தானார். நமக்கு ஒன்பது வயது.

உம்மா வாடா சுடத் தொடங்கினார்கள். அஸருக்குப் பின் அடுப்பு மூட்டினால் மஃரிபுக்குள் விற்றாக வேண்டும். பெண்கள் வாசலுக்கு வருவதில்லையாதலால் கதவிடுக்கு வழியே தட்டை எம் கையில் தருவார்கள். நாம் பேருந்து நிலையம் வரை கொண்டுபோவோம். இறால் விலை ஏறிய நாள்களில் உள்ளீடு வெறும் வெங்காயம். வாங்குவோர் பிட்டுப் பார்த்துவிட்டு எம் முகத்தைப் பார்ப்பர். அந்தப் பார்வைக்கு அஞ்சியே நாம் வேகமாக நடக்கக் கற்றோம். மீந்தது எமக்கு இரவு உணவு. எல்லாம் விற்றுப்போன நாளில் உம்மா மகிழ்வார்கள்; நாம் பசியோடு இருப்போம்.

எம் லாத்தா எம்மைவிட மூன்று வயது மூத்தவர்கள். எட்டாம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டார்கள். மாவு அரைக்கவும் இறால் உரிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் கணக்கில் வகுப்பில் முதல் என்பது நமக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. நாம் பதின்மூன்று வயதில் வேலூருக்கு ஓதப் புறப்பட்டபோது பயணச் செலவுக்கும் புதுக் கைலிக்கும் லாத்தாவின் காதுக் கம்மல் போயிற்று. அதை அவர்கள் தாமே கழற்றித் தந்தார்களா, உம்மா கேட்டு வாங்கினார்களா என்று இன்றுவரை நாம் கேட்டதில்லை. கேட்கும் துணிவு இல்லை. நம்மை 'ஹஜ்ரத்' என்று ஊர் அழைக்கும்போதெல்லாம் அந்தக் காது நினைவுக்கு வரும். இக்கட்டுரையை வாசித்துக் காட்டியபோது, "என்னை ஏன் இதுல இழுக்குறே" என்றார்கள். பெயரை மட்டும் விட்டிருக்கிறோம்.

ஜமாஅத் அப்போது என்ன செய்தது என்று இளைஞர் கேட்பர். ரமளானில் அரிசி வந்தது, பெருநாளைக்குத் துணி வந்தது. ஒரு முத்தவல்லி, அவர் மர்ஹூமாகிவிட்டார், தம் வீட்டு விருந்துக்கெல்லாம் எம் உம்மாவிடமே வாடா சொல்லியனுப்புவார். விலையைக் குறைத்துப் பேசமாட்டார். பிச்சையாகக் கொடுக்காமல் வியாபாரமாகக் கொடுத்த அந்த நயம் இன்றும் நம் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் லாத்தாவின் படிப்பு ஏன் நின்றது என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் உம்மாவும் என்ன விடை சொல்லியிருப்பார்களோ?

1991-இல் நாகை மாவட்டத் தலைநகரானது. அலுவலகங்கள் வந்தன. ஆயினும் நம் தெருக்களில் பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டே போயின. வளைகுடாவுக்குச் சென்றோர் சென்னையில் மனை வாங்கினர்.

பிறகு 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. நாம் ஓதி முடித்து ஊர் திரும்பியிருந்த இளம் ஆலிம். கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப்போவதில்லை. கண்டவர் பலர் இந்த மஹல்லாவில் இருக்கிறார்கள். அந்நாளைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளிப்பாட்டவும் கஃபனிடவும் அவகாசமின்றி அடக்கிய நாள்கள் அவை. யார் எந்தச் சமயம் என்று பார்க்கும் நிலையிலும் எவரும் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென அன்னை சத்யா அரசினர் காப்பகத்தில் இடம் செய்யப்பட்டது. அவர்கள் இன்று முப்பதை ஒட்டிய வயதினர். கப்பலையும் பட்டறையையும் இழந்த ஊர், அந்த ஒரு காலையில் இழந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒன்றை மட்டும் சொல்கிறோம். நம் பள்ளிவாசலில் கிப்லா மேற்கு. கடல் நமக்கு முதுகுப்புறம். அந்த நிகழ்ச்சிக்குப் பின் பல மாதங்கள் கடைசி ஸஃப்பில் நிற்போர் ஸலாம் கொடுத்ததும் திரும்பிக் கதவைப் பார்ப்பார்கள். பெரியவர் பார்ப்பதைக் கண்டு சிறுவரும் பார்ப்பர். நாம் முன்னே நின்று அதைக் கண்டோம்; கண்டிக்கவில்லை. ஒரு நாள் நாமும் திரும்பிப் பார்த்தோம்.

இம்மலரின் வரவு செலவுப் பக்கத்தில் பைத்துல்மால் கணக்கின் கீழ்க் 'கல்வி உதவி' என்று ஒரு வரி இருக்கிறது. வாசகர்கள் அதைத் தாண்டிச் சென்றுவிடாமல் சற்று நின்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சில ஆண்டுகளாக அதில் பெண் பிள்ளைகளின் கட்டணமும் சேர்கிறது. அந்த வரியைச் சேர்க்க வேண்டுமென்று ஆலோசனைக் கூட்டத்தில் நாம் பேசியபோது, "ஹஜ்ரத் ஏன் இவ்வளவு அழுத்துகிறார்" என்று ஒருவர் வியந்தார். அன்று காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டோம்.

கேள்வி கேட்ட சிறுவனுக்கு விடை கடனாக இருந்தது. 2023 அக்டோபர் 14-இல் நாகைக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கிச் சில நாளில் மழைக்காலத்தை முன்னிட்டு நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மீண்டும் ஓடத் தொடங்கியது. அவன் வாப்பாவிடம் அனுமதி கேட்டு, ஒரு காலை நாம் அவனைத் துறைமுகப் பக்கம் அழைத்துச் சென்றோம். கப்பல் சிறியது, வெள்ளை நிறம். தோணியும் இல்லை, கயிற்றேணியும் இல்லை. மக்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தே ஏறினர். அவன் வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது பினாங்குக்குப் போகுமா ஹஜ்ரத்?"

"போகாது. காங்கேசன்துறை வரைக்கும்தான். நாலு மணி நேரம்" என்றோம்.

"பரவாயில்ல" என்றான். கப்பல் வாயைக் கடந்து வெளியே போகும்வரை நின்றுவிட்டு, மூத்தம்மாவிடம் சொல்ல வேண்டுமென்று எமக்கு முன்னே ஓடினான்.